பச்சைத் தண்ணீரின் சூடு

இன்று பித்தளைக் குண்டானில் வெந்நீர் கொதித்தபோது, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துச் செப்புக் குவளையின் வாசனை வந்தது. நீ இறந்து இரண்டு வருடம். என் மகளுக்கு ஏழு மாதம். அவளை நீ பார்க்கவே இல்லை.

வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்தால் கடைசியில் என்ன சூடு நிற்கும் என்ற பரிசோதனை. வெந்நீரை மட்டும் அளந்துவிட்டு, பச்சைத் தண்ணீருக்கு இருபத்தெட்டு டிகிரி என்று நான் பாட்டுக்கு எழுதினேன். நீ நோட்டைப் பிடுங்கினாய். “இன்னாடி, தண்ணி வந்து உன் காதுல சொல்லிச்சா? தர்மாமீட்டர வுட்டுப் பாத்தியா?” ராயபுரத்தில் மீன் விற்கிற வீட்டுப் பெண் நீ, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாய். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது.

தினமும் காலையில் மகளுக்கு அதே கணக்குதான். கொதித்த நீர் ஒரு சொம்பு, குழாய்த் தண்ணீர் ஆறு சொம்பு. கலந்தால் முப்பத்தெட்டு. இன்று அவள் தூங்கி எழவே பகல் பன்னிரண்டரை ஆகிவிட்டது. எண்ணெய் தடவி மடியில் போட்டுக்கொண்டேன். ஏனோ சந்தேகம். கலந்த தண்ணீரில் முழங்கையை விட்டேன், சுரீரென்றது.

திருவொற்றியூர் வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டி காலையிலிருந்து காய்ந்திருக்கிறது. குழாயடியில் குளியல் தர்மாமீட்டரைப் பிடித்தேன். நாற்பத்து மூன்று! கலந்து வைத்ததில், ஐம்பத்தொன்று. மகள் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். “இன்னாமே, கொயந்தைய குளிப்பாட்டறியா, சோறு வடிக்கிறியா? எம்மா நேரமா கணக்குப் போட்டுகினு கீற!”

“தொட்டுப் பாருங்க அத்தை.”

தொட்டார். கையை உதறினார். உள்ளே போய், குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அதையும் அளந்தேன். முறைத்தார்.

இப்போது எதன் மேலும் நம்பிக்கை இல்லை. குழாய், பால் புட்டி, அந்த தர்மாமீட்டர், ‘லேசான சூடுதான்’ என்று சொல்கிறவர்கள், எல்லாவற்றின் மேலும் சந்தேகம். தூங்குகிறவளின் நெற்றியை மூன்றாம் தடவையாகத் தொட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று போனில் நீ, “ஒரே காச்சலா கீதுடி” என்றாய். “சாதாரணக் காய்ச்சல்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றேன். எவ்வளவு என்று கேட்கவில்லை. நான்காம் நாள் உன் எண்ணிலிருந்து உன் அண்ணன் பேசினார்.

கேட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாயா, தெரியாது. இப்போதெல்லாம் யார் காய்ச்சல் என்றாலும், “எவ்வளவு?” என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.