மனுஷக் கால்

ஞாயிறு, இரவு.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவில் இன்று டெத் மெட்டல் என்னும் அதிவேக ராக் இசைக் குழுவொன்றுக்கு டிரம்ஸ் அடித்தேன். கடைசிப் பகுதியில் எத்தனை தடவை அடித்தும் பெடலை மிதிக்கும் என் கால்கள் வேகத்துக்குப் பிந்தின. ஒலிப்பதிவாளர் ருவன் அந்த இடத்தைக் கணினி டிரம்ஸால் நிரப்பினான். அப்படிச் செய்கிறவர்களுக்கே வாய்ப்பெல்லாம் போகிறது என்று வெள்ளவத்தை முழுக்கப் புலம்பித் திரிகிறவன் நான்.

பிறகு குழுவின் பாடகன் கஜன் வந்து பதிவைப் போட்டுக் கேட்டான். அந்த இடத்தில்தான் நிறுத்தினான்.

"அண்ணே, மெஷினால இப்பிடி அடிக்க ஏலாது. மனுஷக் கால் எண்டு கேட்டவுடனே விளங்குது."

ருவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் பழக்கம்தான், தம்பி" என்றேன்.

"அப்ப சனிக்கிழமை மேடையிலயும் இதையே அடிங்கோ."

ஓம் என்றேன். நாளை போன் எடுத்து உண்மையைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி என்று சொன்னாலும் நம்புவான்.