இரண்டாவது பொட்டு

குன்னத்தூர்
2-7-68

அன்பு மகன் லிங்கசாமிக்கு உன் அய்யன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாளும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகள் மயிலாளும் குழந்தையும் அதுபோல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விடவில்லை என்று எழுதியிருந்தாய், ராத்திரி தலைக்குத் துணி கட்டாமல் படுக்க வைக்காதீர்கள். சிவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மழைதான் இன்னும் இறங்கவில்லை, காற்று மட்டும் பாலக்காட்டுப் பக்கமிருந்து இப்போதே ஆளைத் தள்ளுகிறது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற காற்றாடியை மறுபடியும் இரும்புக் கோபுரத்தின் மேலே ஏற்றிவிட்டோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

இரண்டு வருசத்துக்கு முன் அந்தச் சக்கரம் பிய்த்துக்கொண்டு விழுந்து உன் ஆத்தாளின் தோளை உடைத்தபோது, உன் சிநேகிதன் கைருதீன் நட்டுகளை அரைகுறையாக முடுக்கிவிட்டுப் போனதுதான் காரணம் என்று உனக்கு எழுதினேன். அது பொய். தப்பு என்னுடையது. இதை எழுத எனக்கு இரண்டு வருசம் ஆகியிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் கழற்றிப் போட்டிருந்த பழைய காற்றாடியை நான் வாங்கி வந்ததும், பனியன் கம்பெனி மெஷின்களைப் பார்க்கிற பிட்டர் என்று கைருதீனைக் கூப்பிடச் சொன்னது நீதான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒரு நட்டை முடுக்கி முடித்ததும் டப்பியிலிருந்து சுண்ணாம்பு தொட்டு அதன்மேல் ஒரு பொட்டு வைப்பான். புதிதாகப் பூட்டிய சக்கரம் ஒரு பொழுது சுற்றினால் எல்லா நட்டும் கொஞ்சம் இளகிக் கொடுக்குமாம், அப்போது நிறுத்தி இரண்டாம் தடவை முடுக்கி இரண்டாவது பொட்டு வைத்தால்தான் வேலை முடிந்த கணக்கு. ஓட விட்ட அன்று சாயங்காலமே நிறுத்தச் சொன்னான். நல்ல நேரம் பார்த்து ஓடத் தொடங்கியதை அன்றைக்கே நிறுத்துவது குடும்பத்துக்கு ஆகாது என்று நான் விடவில்லை. மூன்றாம் நாள் வேலம்பாளையத்திலிருந்து அவனாகவே சைக்கிள் மிதித்து வந்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நிறுத்தாதே, நானே சொல்லி அனுப்புகிறேன் என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். சொல்லி அனுப்பவே இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவதில் எனக்கு அத்தனை மிதப்பு. ஆடி பிறந்த இரண்டாம் நாள் சக்கரம் கழன்று கீழே வந்துவிட்டது.

சிதறிக் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, ஒரு பொட்டுத்தான் இருக்கிறது பாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஏன் ஒன்றுதான் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒத்தைப்பொட்டு கைருதீன் என்று பேராகிவிட்டது, எந்தத் தோட்டத்திலும் அவனை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இது எல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் உன் ஆத்தாள். வாய் திறக்காமலே இருந்தாள். இந்தத் தை மாசம் கோயமுத்தூரிலிருந்து வேறு பிட்டரைக் கூட்டி வருகிறேன் என்று நான் சொன்னபோதுதான், அந்தப் பையன் கை படாம அது மேல ஏறுச்சுன்னா இந்தக் காட்டுத் தண்ணிய நான் மோந்து குடிக்க மாட்டேனுங்க என்றாள். அவள் வலது கை இன்னும் தோளுக்கு மேலே வராது.

போன மாசம் நானே போய்க் கூப்பிட்டேன். அன்றைக்கே கிளம்பி வந்தான். முதலில் தரையில் வைத்துச் சக்கரத்தின் ஆறு பாகத்தையும் விரலால் முடுக்குகிற அளவுக்கு மட்டும் மாட்டிப் பார்த்தான், முன்னாலேயே ஒன்றை இறுக்கிவிட்டால் கடைசிப் பாகம் உட்காராதாம். பிறகு ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி மேலே ஏற்றி, இந்தப் பக்கம் ஒரு நட்டு, அதற்கு நேர் எதிரே ஒரு நட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். போன புதன்கிழமை காலை பொங்கல் வைத்து ஓட விட்டோம், பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாயங்காலம் அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கோபுரத்தடியில் நின்றான். நான் போய்ச் சங்கிலியை இழுத்துச் சக்கரத்தை நிறுத்தினேன். இன்னைக்கே நிறுத்தறதா என்று சத்தம் போட்டார்கள். போன தடவை இவனை நிறுத்த விடாதவன் நான்தான், திருப்பி அனுப்பியவனும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் மேலே ஏறி ஒவ்வொரு நட்டுக்கும் இரண்டாவது பொட்டு வைத்துவிட்டுத்தான் இறங்கினான்.

அத்தோடு என் பாரம் இறங்கியது என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினான். நீ போட்டது. என் தாயின் கையை வாங்கிவிட்டாய், இனி எனக்கு எழுதாதே என்று இரண்டே வரி. உனக்கு நான் எழுதியதை நான் மறந்தே போயிருந்தேன் கண்ணு. நீயாவது அவனுக்கு உண்மையை எழுதியிருக்கலாமே என்றேன். பெத்தவரைப் பத்தி மகன்கிட்ட நான் எப்படீங்க மாமா எழுதறது என்றான். ஊருக்குச் சொன்னீங்க, அது போதுமுங்க, லிங்கசாமிக்கு மட்டும் ஒரு காயிதம் போட்டுருங்க என்றான். அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், அது நியாயம்தான். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க அவிநாசியப்பனை வேண்டிக்கொள்கிறேன். மயிலாளுக்கும் குழந்தைக்கும் உன் ஆத்தாள் ஆசி சொல்லச் சொன்னாள். இதோடு கைருதீன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் அவனுக்கு எழுது. எனக்கு எழுதுவது உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது போதும்.

இப்படிக்கு,
உன் அய்யன்
பொங்கியண்ணன்