வாலடியில் கதவு வைத்த விமானம்

என் அன்பு அத்தானுக்கு,

சண்டைக் காலத்தில் எங்கள் கடலில் விழுந்த அந்த ஆமி விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர்காவற்றுறைப் பொடியளின் வலை கடலடியில் சிக்க, எடுக்கச் சுழியோடிப் போனவன் அதன் காற்றாடியைத் தடவிப் பார்த்திருக்கிறான். இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

கனடாவில் விமானம் திருத்தப் படிக்கிற எங்கள் பேத்தி ஜெனியிடம் போனில் விசாரித்தேன். "அது சண்டைக்குச் செய்ததில்லை அம்மம்மா, ஆமிக்குச் சாமான் ஏத்திறது" என்றாள். கல்லும் சேறுமான தரையிலும் இறங்கவேண்டுமென்றுதான் செட்டையை முதுகுக்கு மேலே வைத்தார்களாம். வாகனம் நேரே உள்ளே ஏறத்தான் வாலுக்குக் கீழே அந்தப் பெரிய கதவாம். எத்தனையோ நாட்டில் விழுந்திருக்கிறதாம். பாரம் கூடி விழுந்தது, மலையில் முட்டியது, இறுக்கிக் கட்டாத சாமான் வால்பக்கம் சறுக்க மூக்கு மேலே தூக்கி விழுந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"அந்தக் கதவாலை எங்களுக்கு மேலை பீப்பாய்க் குண்டு உருட்டிவிட்டதும் உன்ரை படிப்பிலை இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மம்மா" என்றாள்.

அவளுடைய பெரியம்மா, எங்கள் மூத்தவள் றோசா, அந்தக் குண்டு பட்டு அடுப்படிக் குசினி வாசலில் கிடந்த கிடையை அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

பிறகு அதே சாதியான இந்த விமானம் கடலில் விழுந்த அன்று நான் சந்தோசப்பட்டேன். நீங்களோ வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஆமிக்காரனின் உடலோடு வந்தீர்கள். கடலில் கண்ட பிணத்தை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் இவனையுமா?

"றோசாவைத் திண்டவங்களைத் தோளிலை தூக்கிக்கொண்டு வாறியளோ?"

"கடல் தந்தது, திரேசு. ஆரெண்டு கேக்க ஏலாது."

"அப்ப கடலையே கட்டியிருக்கலாம். என்னை ஏன் கட்டினனீங்கள்?"

இரண்டு பக்கத்துக்கும் பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் தாழம்புதருக்குப் பின்னால் புதைத்தீர்கள். அவன் கழுத்தில் கிடந்த வட்டத் தகட்டை மாதா பதக்கம் என்று நினைத்துச் சிலுவையும் நட்டீர்கள். நீங்கள் கண்மூடும்வரை ஒவ்வொரு வருடமும் மரித்தோர் நாளில் அங்கேயும் ஒரு மெழுகுதிரி. நான் ஒருநாளும் கூட வரவில்லை.

செய்தி கேட்டுத் தெற்கிலிருந்து ஒரு தாய் வந்திருக்கிறா. என்னைவிட மூத்தவ. கரையோரம் வீடு வீடாக ஏறி நேற்று எங்கள் வாசல் படலைக்கும் வந்தா. கூட வந்த மகளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா, கரையில யாரும் ஒதுங்கினதா? அண்ணா கழுத்தில பஞ்சாயுதம் போட்டது. வட்டமா இருக்கும்" என்றாள்.

மாதா இல்லை அத்தான், பஞ்சாயுதம்; சிங்களத் தாய்மார் பிள்ளைக்குக் காவலாகக் கட்டுகிற ஐந்து ஆயுதத் தகடு. புத்த சமயத்துப் பிள்ளைக்கு இத்தனை வருடம் சிலுவை.

"அவருக்கு அதிலை என்ன வேலை?" என்று கேட்டேன்.

தாயிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாமான் கட்டுற வேலை. பின் கதவுப் பக்கம்."

பின் கதவு. றோசாவுக்கு மேலே உருட்டியவன் அவன்தானோ? அரிசி மூட்டை மட்டும் கட்டியவனோ? இனி யாரைக் கேட்பேன்? உங்களுக்குத் தெரிந்திருந்தால் தூக்கி வந்திருப்பீர்களா?

"நாளைக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். நயினாதீவுப் புத்த விகாரைக்குக் கும்பிடப் போயிருக்கிறார்கள். இரவு முழுக்க நான் படுக்கவில்லை.

அத்தான், கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன். முதலில் சேமக்காலையில் உங்கள் இருவரின் கல்லறைக்கு. றோசா அங்கே ஏன் கிடக்கிறாள், எந்தக் கதவால் வந்தது என்று அந்த மகளைக் கொண்டு தாய்க்குச் சொல்லுவிப்பேன். அதைக் கேட்டுவிட்டு அவ என்னோடு நடந்து வந்தாலும் சரி, வராமல் உட்கார்ந்தாலும் சரி, தாழம்புதரைக் காட்டாமல் விடமாட்டேன். சிலுவையைப் பிடுங்குவதும் விடுவதும் பெற்றவளின் பாடு. அவனை நான் மன்னிக்கவில்லை. உங்களையும் இன்னும் இல்லை.

உங்கள் மாமன் மகளும் மனிசியுமான
திரேசம்மா