நாலு நெட்டை, ஒரு குட்டை

ஜூன் 1, ஞாயிறு

பாப்பா இன்று அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். டிவி மெக்கானிக். ஒல்லி உடம்பு, தணிந்த குரல், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் போல ஒரு முகம். ஃபேக்டரி ஸ்டோரில் இருபத்தேழு வருடமாக நான் பார்க்காத முகமா? பேரிங் காணாமல் போகிற நாளிலெல்லாம் எதிரே இதே முகம்தான் நிற்கும்.

அவன் போன பிறகு பாப்பா சொன்னாள்: "நீ வேண்டாம்னா நான் கட்டிக்க மாட்டேன்மா. ஆனா அப்புறம் எனக்கு வேற யாரையும் பாக்காத."

இது சம்மதம் கேட்பதா, மிரட்டுவதா? ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறேன்.

பரண் மேல் அந்தப் பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கும், டிவியில் மாட்டி ஓட்டுகிற ரகம். ஸ்டோரில் கழித்துப் போட்டபோது எடுத்து வந்தேன். பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க நானே அதில் ஒரு விளையாட்டு எழுதி, கேசட்டில் பதிந்து வைத்தேன். புது டிவியில் அது வேலை செய்வதில்லை. "மெக்கானிக்தானே, இதுல படம் வர வைக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வந்தான். ஆன்டெனா துளை வழியாக வரும் படத்தை இந்த டிவி வாங்காதாம். உள்ளே இருக்கும் தகர டப்பாவை விட்டுவிட்டுத் தனியாக ஒரு ஒயர் இழுத்து, படத்தை நேராக டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்குக் கொண்டு போக வேண்டுமாம். இனி இந்த நோட்டில் அவன் பேர் மஞ்சள் ஒயர்.

அவன் கழற்றக் கழற்ற ஸ்க்ரூக்களை ஜாடி மூடியில் வாங்கிக்கொண்டேன். ஸ்டோர் பழக்கம். இதே பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தும் விட்டேன். நாலு நெட்டை, ஒரு குட்டை. உள்ளே இருந்த சிப்புகளுக்கு நெயில் பாலிஷில் ஆளுக்கொரு பொட்டு. பழைய சிப்புக்கு வெளியே கிராக்கி என்று கேள்வி, மாற்றினால் தெரிந்துவிடும்.

ஒன்றரை மணி நேரத்தில் படம் வந்தது. வெள்ளைத் திரை, அடியில் ஒரு வரி எழுத்து. எனக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"மூடி தெறந்தே இருக்கட்டும் ஆன்ட்டி, ரெண்டு நாள் ஓட்டிப் பாப்போம்." ஆன்ட்டியாம்.

கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினான். பாப்பா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். போகட்டும்.

தூசி விழும். மூடியைப் போட்டு ஐந்து ஸ்க்ரூவையும் நன்றாக இறுக்கி வைத்தேன்.

ஜூன் 9

காலையில் போட்டால் கறுப்பு. நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மஞ்சள் ஒயர் வந்து, மூடியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டான். படம்! "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே" என்று அசடு வழிகிறான். எல்லா இணைப்பிலும் மறுபடி ஈயம் வைத்தான். போகும்போது நான் கேட்காமலே பையைத் திறந்து நீட்டினான். ரோஷமா, நடிப்பா? அவன் போனதும் மூடியைப் போட்டு இறுக்கினேன்.

ஜூன் 16

கறுப்பு. அவன் இருந்தால் படம் வருகிறது, அவன் போனால் படமும் போகிறது. ஞாயிறுதோறும் இங்கே வர ஒரு சாக்கு வேண்டி அரைகுறையாகச் செய்கிறானா? வேறென்ன இருக்க முடியும்?

ஜூன் 22, ஞாயிறு

கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தான். பிறகு ஜாடி மூடியில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தான்.

"இத மூடினது யாரு ஆன்ட்டி?"

"நான்தான். ஏன்?"

"இல்ல, சும்மா."

உதட்டுக்குள் ஒரு சிரிப்பு. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? உள்ளே எங்கேயோ கறுப்பு டேப் ஒட்டினான். ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து தருகிறேன் என்றான். எனக்குத் தெரியாத துரு! ஆனாலும் கொடுத்தேன். வரைந்து வைத்திருக்கிறேனே, மாற்றினால் மாட்டிக்கொள்ளட்டும்.

ஜூன் 24

ஸ்க்ரூக்களைக் காகிதத்தில் மடித்துப் பாப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, படத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். ஐந்தும் குட்டை. ஐந்தும்! என் நாலு நெட்டை எங்கே?

பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத்தனூண்டு ஸ்க்ரூவ மாத்துறவன் நாளைக்கு எதத்தான் மாத்த மாட்டான்? இவன் வேண்டாம்."

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தது நான்தானே?

ஜூன் 25

அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பாப்பா எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள்.

கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றிவிடலாம் என்று அந்தக் குட்டைகளையே போட்டு மூடினேன். ஏற்றும் முன் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். படம்.

ஜூன் 26

இன்றும் படம்.

ஜூன் 27

போகவே மாட்டேன் என்கிறது. நான் அதன் முன்னால் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

கழற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். நாலின் நுனியில் அரம் போட்ட கோடு, பளபளவென்று. மாற்றவில்லை. என் ஸ்க்ரூவேதான். ராவியிருக்கிறான்.

உள்ளே, நடு ஓட்டைக்கு நேராக அவன் இழுத்த ஒயர். டேப்பைப் பிரித்தால் ஒயரின் தோலில் குத்துப்பட்ட காயம். அந்த ஒரே குட்டை ஸ்க்ரூ நடு ஓட்டைக்கு உரியது. நான் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு நெட்டையைப் போட்டு இறுக்கியிருக்கிறேன். அது ஒயரைக் குத்தியிருக்கிறது, படம் போயிருக்கிறது. மூடியைக் கழற்றினால் விடுபட்டுப் படம் வந்திருக்கிறது. கெடுத்தது நான். ஐயோ, நான்தான்.

ஸ்க்ரூ எண்ணியே இருபத்தேழு வருடம் ஓட்டினவள். எத்தனை என்று வரைந்தேன், எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த அம்மா எதை எங்கே போட்டாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று ஐந்தையும் குட்டையாக்கிவிட்டான்.

போன் செய்தேன். "ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

"படம் வந்தா போதாதா ஆன்ட்டி? யார் பண்ணதுன்னு எதுக்கு?"

பாப்பாவுக்கும் சொல்லவில்லையாம். நான் சொன்னதும் அழுதாள். அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், வெட்கத்தில்.

ஜூன் 29, ஞாயிறு

வந்தார். கேசட்டைப் போட்டு என் வாய்ப்பாடு விளையாட்டைக் காட்டினேன். ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு தப்பு. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, யாரும் கேட்காமலே, பையைத் திறந்து என் முன்னால் நீட்டினார். நான்தான் பழக்கியிருக்கிறேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அடுத்த வாரம் உங்க அம்மாவ அழைச்சிட்டு வாங்க."

"சரி ஆன்ட்டி."

"ஆன்ட்டி என்ன ஆன்ட்டி. அத்தைன்னு கூப்பிடுங்க."