பேனரில் இருந்த உன் படம்

திண்டிவனம்,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரபாவதிக்கு,

கலைமதி அக்கா எழுதுகிறேன். ஓசூர்க் குளிரும் விடுதிச் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டதா? என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. அதனால்தான் உன் அம்மாவிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிடு.

போன வாரம் உங்கள் ஊர் காணையில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மாவையும் பார்த்தேன். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. குனிந்து செய்கிற வேலைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. கவலைப்படாதே.

கோடை விடுமுறையில் சித்தி வீட்டில் தங்கி, துணைத் தேர்வு எழுதப்போகும் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரியில் இலக்கியம் படிப்பவள் என்ற மிதப்போடுதான் வந்தேன். பிரிவைப் பற்றிய செய்யுளை நடத்தும்போது, "அவன் போற வழியெல்லாம் பாடிக்கினு இருக்காங்களே, இவ அன்னிக்கு என்னா சாப்ட்டான்னு யாருமே கேக்கலையாக்கா?" என்று நீ கேட்டாய். பரீட்சைக்கு வராது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்திருந்த துப்பறியும் நாவலை நீ வாங்கிக்கொண்டு போனாய். மறுநாள் பார்த்தால், சவுரிராயன் நிலத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்களுக்கு அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறாய். கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அப்போது நீ சிரித்ததைத்தான் என் போனில் படம் பிடித்தேன்.

அதே சமயத்தில் எங்கள் கல்லூரி வாசிப்பு மன்றத்துக்கு ஸ்பான்சர் தேடி, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நகைக்கடையில் ஆடி கழித்து வரச் சொன்னார்கள். ஸ்வீட் கடையில் ஆளுக்கொரு லட்டு கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் பெயிண்ட் கடை கிருஷ்ணசாமிதான் புத்தகம் வாங்கித் தர ஒப்புக்கொண்டார். "சும்மா குடுத்தா யாருக்கும்மா தெரியும்? உங்களால முன்னேறின பொண்ணு படம் ஒண்ணு குடு, பேனர் வச்சிடலாம்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. போனை எடுத்து உன் படத்தை அங்கேயே அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். 'தோற்ற பெண்ணைத் தேற்றியது எங்கள் மன்றம்' என்ற வரியை எழுதியதும் நான்தான். எதுகை நன்றாக விழுந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். பொதுத் தேர்வு நடந்த வாரம் முழுக்க நீ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்குத் துணையாகப் படுத்திருந்ததும், அங்கிருந்தே பரீட்சைக்குப் போனதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

விழுப்புரத்தில் பேனர் கட்டிய அன்றே உன் வகுப்புப் பையன்கள் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாள் நீ வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது நீ ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தாய். உன் அம்மா என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "ஃபெயிலானத நாங்க வூட்டுக்குள்ள வச்சிக்கினு இருந்தோம். நீ ரோட்டுல கட்டி வுட்டுட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய் பேனரைக் கழற்றச் சொன்னேன். "நீ எழுதிக் குடுத்தத தானே கட்டினேன்? கழட்டிடறேன், புக்கெல்லாம் திருப்பிக் குடுத்துடு" என்றார் கிருஷ்ணசாமி. கொடுத்துவிட்டோம். மன்றச் செயலாளர் தென்னரசு என்னோடு பேசுவதே இல்லை. எத்தனை நாள் அலைந்து கிடைத்த புத்தகங்கள் என்று அவனுக்குக் கோபம். இதை உன் அனுதாபத்துக்காக எழுதவில்லை. அந்தப் படம் இப்போது எங்கேயும் தொங்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் போனிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

உன்னோடு படித்த வேணி துணைத் தேர்வில் பாஸாகிவிட்டாள். நீ எழுதியிருந்தால் அவளைவிட நிறைய வாங்கியிருப்பாய். இதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

மார்ச்சில் தனித்தேர்வராக எழுதலாமாம், விசாரித்துவிட்டேன். எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஒருவேளை எழுத நினைத்தால், நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் பேராசிரியையிடம் சொல்லித்தரக் கேட்டுப் பேசியிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல்தான். யாரோ ஒரு தங்கை என்று மட்டும் சொன்னேன்.

பதில் போடவேண்டும் என்று இல்லை. ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிடு. தெருவில் உன்னைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று உன் அம்மா பயப்படுகிறார். அதனால் உன்னை வா என்று கூப்பிடாமலேயே இருக்கிறார். பொங்கல் முடிகிறவரை நான் காணைப் பக்கமே வரமாட்டேன். நீ தைரியமாக வா. நன்றாக இரு, பிரபா.

இப்படிக்கு,
கலைமதி