றெஜினா தட்டிவைத்த எழுத்துகள்

நவம்பர் 17

விடிந்ததிலிருந்து மழை. துணி மூன்று நாளாகக் காயவில்லை. பத்தாம் ஆண்டுக் கணக்கீட்டுத் தாள்கள் பாதி திருத்தியாயிற்று. அம்மாவின் கண்ணுக்கு மருந்து மூன்று தரம். சத்திரசிகிச்சை செய்த கண்ணையே கசக்குகிறார், சொன்னால் கோபம்.

பின்னேரம் யேசுதாசன் அண்ணை வந்தார். கொழும்புத்துறைக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். சைக்கிள் கரியரில் உரப்பைக்குள் சுற்றிய லப்டொப். ஆள் தெப்பமாக நனைந்திருந்தார், லப்டொப்பில் ஒரு சொட்டு இல்லை.

"ரீச்சர், வரிப் போம் நிரப்ப ஏலாமல் கிடக்கு. திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' எண்டு இங்கிலிஷிலை வருது. நானும் பின்னேரம் முழுக்கக் காத்திருந்தனான்."

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

"கடையிலை காட்டேல்லையோ?"

"காட்டினனான். பழைய சாமானாம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதிசாப் போடவேணுமாம். அழிச்சால் உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் போயிடும் தானே. றெஜினா பாவிச்சது."

றெஜினா அக்கா அவருடைய மனைவி. போன மாரியில் காலமானார். பட்டறைக் கணக்கு, வரி, கடிதங்கள், எல்லாம் அவர்தான் பார்த்தது.

"அழிக்காமல் செய்யலாம், வைச்சிட்டுப் போங்கோ" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. என்னுடைய வரிப் படிவத்தை நானே நிரப்புவது உண்மை. அதற்காக? மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

நவம்பர் 18

மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை.

காத்திருக்கச் சொல்லும் வசனத்துக்குக் காரணம் பிடிபட்டது. இந்தப் படிவத்தை இணையப் பக்கத்துக்குள் வைத்துத் திறக்கக் கூடாது. லப்டொப்பில் இறக்கி, படிவம் வாசிக்கும் மென்பொருளில் திறக்க வேண்டும். அப்படித் திறக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் அந்த வசனம்தான். பாவம் மனிசன்.

ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருள் மிகப் பழையது. புதியதை இறக்கப் போனால் எல்லாப் பக்கமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. பிறகுதான் மூலையில் திகதியைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முந்திய ஜனவரி.

– திகதியைச் சரிசெய்தேன். பக்கம் திறந்தது!
– லப்டொப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி ஜனவரி.
– தேத்தண்ணி.

அம்மா அறைக்குள்ளிருந்து: "ஆரோடை பிள்ளை சண்டை பிடிக்கிறாய்?"

நவம்பர் 20

ஐந்து மணிக்கு யேசுதாசன் அண்ணை வந்தார். திகதிக் கதையைச் சொன்னேன்.

"அப்ப உள்ளுக்கை சின்னப் பற்றறி ஒண்டு செத்திருக்கும்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனார். சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு, அது போகாது. பிறகுதான் லப்டொப்பைத் தொட்டார்.

பின்மூடியைக் கழற்றினார். நாணயம் போல ஒரு பற்றறி. சந்திக் கடையில் புதிது வாங்கி வந்து போட்டார். விசிறியில் தூசி. தூசியோடு சுற்றியபடி நீளமாக ஒரு தலைமயிர். மெதுவாக இழுத்தெடுத்தார். வீசவில்லை. சேட்டுப் பைக்குள் வைத்தார். நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திகதி இப்போது நிற்கிறது. மிகப் புதிய மென்பொருளை இந்த லப்டொப் ஏற்கவில்லை. அதற்கு முந்தியதை ஏற்றது. படிவம் திறந்து, பெட்டிகள் எல்லாம் இளநீலமாக வந்தன. இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம். உடனே கரண்ட் போய்விட்டது.

நவம்பர் 22

அரிசி, உள்ளி, அம்மாவின் கண்மருந்து வாங்க வேண்டும்.

பின்னேரம் அவர் வந்தார். படிவத்துக்கு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். விலாசப் பெட்டியில் முதல் எழுத்துத்தான் போட்டேன். முழு விலாசமும் தானாக வந்து நின்றது.

"நான் தட்டேல்லை" என்றேன்.

"அது றெஜினா தட்டினது."

முன்பு நிரப்பியதையெல்லாம் மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஓரெழுத்துப் போட்டால் மிச்சத்தை அந்த அக்கா சொல்லித் தருகிற மாதிரி. தொழில் என்ற பெட்டியில் வந்தது: 'கடல் எஞ்சின் நிபுணர்'.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் வெறும் மெக்கானிக், ரீச்சர். அவள் உப்பிடித்தான் எழுதுவாள்."

ஆனால் பழைய தொகைகளும் இப்படியே வந்து விழுந்தன. இரண்டு தரம் கூட்டுத்தொகை பிழைத்தது. நினைவை அழித்தால் சரிவரும். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது. அவரைப் பார்த்தேன். "நீங்கள் சொல்லுறபடி செய்யுங்கோ" என்றார், திரையைப் பார்க்காமல்.

வேண்டாம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் தேடினேன். நினைவை அப்படியே விட்டு, எடுத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவும் வழி இருக்கிறது.

"அப்ப அழியாதோ?"

"அழியாது. அது பேசாமல் உள்ளுக்கை இருக்கும். விரும்பினால் திரும்பத் தட்டிப் பாக்கலாம்."

"அது போதும், ரீச்சர்." பிறகு, "அந்தத் தொழில் பெட்டியிலை மட்டும் அவள் எழுதினதையே விடுவமோ?"

விட்டோம்.

அவர் போன பிறகு நினைத்தேன். இன்று நான் ஒருதரமும் அண்ணை என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் கூப்பிடவுமில்லை.

நவம்பர் 23

ஞாயிறு. பூசை முடிந்து நேரே வந்தார், வெள்ளைச் சேட்டு. மிச்சப் பெட்டிகள். திருமண நிலை என்ற பெட்டியை ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவரே அதைக் காட்டினார்.

"உந்த மௌசைத் தாங்கோ. நான் அழுத்துறன்."

மௌசைக் கொடுத்தேன். வாழ்க்கைத்துணையை இழந்தவர் என்ற வட்டத்தில் அழுத்தினார். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எழும்பித் தண்ணீர் கொண்டுவந்தேன்.

சேமித்து, மூடி, திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தது. அனுப்பினோம். கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது.

"இனி உங்களைக் கரைச்சல் படுத்தமாட்டன்" என்றார். உரப்பையில் சுற்றிக் கொண்டு போனார்.

அம்மா: "நல்ல மனிசன்." நான் ஓம் என்றேன்.

நவம்பர் 25

தாள்கள் திருத்தி முடிந்தன. மழை. மேசை முழுக்க இடம். ஐந்து மணிக்குச் சீப்பெடுத்துத் தலை இழுத்தேன். ஐந்து மணிக்கு ஏன்? கறிக்கு உப்புப் போட மறந்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.

நவம்பர் 28

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

பின்னேரம் படலையில் சைக்கிள் மணி. அவர். கரியரில் ஒன்றும் இல்லை. எனக்குத் திக்கென்றது, வரிக் கந்தோரிலிருந்து படிவத்தைத் திருப்பிவிட்டார்களோ என்று.

"என்ன, திரும்பப் பிழைச்சிட்டுதோ? லப்டொப்பைக் கொண்டுவரேல்லையே?"

"இல்லை, அது நல்லா வேலை செய்யுது" என்றார். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடியே நின்றார். "நான் சும்மா வந்தனான்."

உள்ளே வரச் சொன்னேன். பால் முடிந்திருந்தது. பிளேன்ரீ ஊற்றினேன். இருந்து குடித்தார்.