மணலில் ஒரு நடை

மதராஸ்
வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள அக்கா,

நேற்று மெரினாவில், எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று உன்னை விட்டுவந்தாரே, திண்டிவனம் வரை என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு ஊர் சுற்றிக் காட்டினார்கள். உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையில் ஒட்டகத்தை எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே என்னையும் பார்த்தார்கள்.

கடற்கரையில் மாப்பிள்ளையின் அம்மா, "செருப்ப கழட்டிட்டு அலை வரைக்கும் போய்ட்டு வாம்மா, காத்தாட" என்றாள். போனேன். திரும்பும்போது குடும்பமே சுண்டல் தின்றுகொண்டு என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலு நல்லாத்தான்டா இருக்குது. எவனோ கெளப்பி வுட்டிருக்கான்" என்றாள் மகனிடம். எம்.ஏ. படித்த அந்த மகன் தலையாட்டினார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன் அக்கா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பௌர்ணமிதோறும் அந்தக் காலை இழுத்துக்கொண்டே நீ மலை சுற்றுகிறாய். இவர்களுக்கு நூறு அடி மணல் போதுமாம்.

இன்று காலை அவர்கள் வீட்டுக்கு நானே போய், கிளம்பிய பேச்சு உன்னைப் பற்றியது என்றும், சிறுவயதில் உனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது என்றும் சொன்னேன். காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்று மணிக்கு ஜாதகம் திரும்பி வந்துவிட்டது.

உன் தங்கை